கீழே எதுவென்று மொச்சைக்கு எப்படித் தெரியும்?

இந்த வாரம் எங்கள் நான்காம் வகுப்பில் விதை முளைக்கும் பாடம். புத்தகத்தில் படம் இருக்கிறது. ஆனாலும் கண்ணாடி டம்ளர் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த எனக்கு மனம் வருவதில்லை. டம்ளரின் உட்புறத்தை ஒட்டி நனைத்த செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், இரவெல்லாம் ஊறிய மொச்சையைச் செருகிவிட வேண்டும். அடியில் கொஞ்சம் தண்ணீர். விதை மூழ்கக் கூடாது. அதற்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும், மூழ்கினால் அழுகிவிடும். அவ்வளவுதான், மண்ணுக்குள் மறைவாக நடப்பது இனிமேல் கண்ணுக்குத் தெரியும்.

மீதி மொச்சையை ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தோலை உரிக்கச் சொன்னேன். பருப்பு இரண்டாகப் பிரிந்ததும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்ன முனை, அதன் தலையில் கொசுவின் சிறகு அளவுக்கு மடிந்து கிடக்கும் இலைகள். "செடி முன்னாடியே உள்ள இருக்கு டீச்சர்!" என்றான் ஒரு பையன். உண்மைதான். இரண்டு பருப்பும் அந்தக் குட்டிச் செடிக்குக் கட்டிக் கொடுத்த சோறு. காய்ந்த விதையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். அதனால் உள்ளே வேலை எதுவும் அநேகமாக நடக்காது. தண்ணீர் ஏறியதும் விதை உப்புகிறது. ஆனால் உப்பிவிட்டதாலேயே உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. செத்த விதையும் ஊறினால் உப்பும். உயிருள்ள விதையில்தான் நொதிகள் விழித்துக்கொண்டு, சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். முளைகட்டிய பயறு லேசாக இனிப்பது இதனால்தான். துணியில் கட்டிய பயறு மூட்டைக்குள் கைவிட்டால் கதகதவென்று இருப்பது, அத்தனை விதையும் சேர்ந்து வேகமாக மூச்சுவிடுவதால்.

டம்ளரில் பிள்ளைகள் விதைகளை வேண்டுமென்றே ஏறுமாறாகச் செருகியிருந்தார்கள். ஒன்று நேராக, ஒன்று படுத்தபடி, ஒன்று தலைகீழாக. மூன்றாம் நாள் எல்லா வேரும் கீழ்நோக்கியே போனது. தலைகீழாக இருந்த விதையின் வேர் மேலே கிளம்பி, கொக்கிபோல வளைந்து கீழே இறங்கியிருந்தது. கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்: "கண்ணே இல்லையே டீச்சர், கீழ எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே நான் ஒவ்வொரு வருஷமும் டம்ளர் எடுக்கிறேன்.

இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806-இல் இதே கேள்விக்குப் பதில் தேடினார். ஓடும் நீரால் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் அவரை விதைகளைக் கட்டிவைத்தார். நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேல். வேர்கள் எல்லாம் வெளிப்பக்கமும், தண்டுகள் எல்லாம் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வளர்ந்தன. குடைராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளுவதுபோலத் தோன்றும் அந்த இழுவையையே விதைகள் 'கீழ்' என்று எடுத்துக்கொண்டன. ஈரமோ இருட்டோ அல்ல, எடையை உணர்ந்துதான் வேர் திரும்புகிறது என்பது அந்தச் சக்கரத்தில் தெரிந்தது.

எடையை எப்படி உணர்கிறது? வேர் நுனியில் ஒரு தொப்பி உண்டு, வேர்மூடி என்போம். அதன் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. பாட்டிலுக்குள் போட்ட கோலிக்குண்டு மாதிரி, எப்படித் திருப்பினாலும் அவை அடிப்பக்கம் போய் உட்காரும். அவை உட்கார்ந்த பக்கத்துக்கு ஆக்சின் என்ற வளர்ச்சிச் சாறு கூடுதலாகப் பாய்கிறது. இங்கேதான் அழகு. வேரில் ஆக்சின் கூடினால் அந்தப் பக்கம் வளர்ச்சி குறையும். மேல்பக்கம் நீள, அடிப்பக்கம் பின்தங்க, வேர் கீழே வளையும். தண்டில் அதே ஆக்சின் வளர்ச்சியைக் கூட்டும், அதனால் தண்டு மேலே வளையும். வேர்மூடியை மட்டும் கவனமாக நீக்கிவிட்டால், வேர் வளரும், ஆனால் மூடி திரும்ப முளைக்கும்வரை வேருக்குத் திசை தெரியாது.

"அப்ப வெளிச்சம் வேண்டாமா டீச்சர்?" சரி, அதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமே தேவையில்லை. மதுரை, சிவகங்கைப் பக்கம் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வெயில் படாத அறையில் ஓட்டில் வளர்க்கும் பயிர் நெடுநெடுவென்று, வெளிர் மஞ்சளாக எழும்பி நிற்கும். மொச்சையும் பயறும் முளைக்க வெளிச்சம் தேவையில்லை. இருட்டில் இருக்கும் முளை தன்னை இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணி, பச்சையம் செய்யாமல், கையிலிருக்கும் சோற்றை எல்லாம் நீளுவதற்கே செலவழிக்கிறது. பச்சையத்தின் கடைசிக் கட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும். சோறு தீர்வதற்குள் வெளிச்சம் கிடைக்காவிட்டால் செடி வாடிவிடும்.

வியாழக்கிழமை மாலை, தாளை நன்றாக நனைத்து, டம்ளரைப் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை காலையில் அதை நிமிர்த்தினேன். நேராக இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேர், பாதியில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. முதல் பெஞ்சில் இருந்தவள் கிட்டே வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்: "டீச்சர், வேரு 'ட' எழுதியிருக்கு!"