‘நெகட்டிவ் கொண்டு வா’ என்று விடுதியில் சொன்னால்: தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொரோனா நாட்களில் கல்லூரிகள் போட்ட தடுப்பூசி, பரிசோதனை, தனிமை விதிகளால் சேலம் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் அலைந்தார்கள். விடுதி வாசலில் பையோடு நின்றுவிட்டு ஏற்காட்டுக்கே திரும்பிப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது, அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அடுத்த தொற்று வந்தாலும் இதே அலைச்சல்தான் நடக்கும்.

பின்னணி சுருக்கமாக. தடுப்பூசி கட்டாயமில்லை, அவரவர் விருப்பம் என்பதே மத்திய அரசின் நிலைப்பாடாக இருந்தது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஊசி போடாதவர்கள் மீதான கட்டுப்பாடுகளைக் கல்வி நிறுவனங்களும் மறுபரிசீலனை செய்யலாம் என்று அதே தீர்ப்பு யோசனை சொன்னது. அது யோசனைதான், தடை உத்தரவு அல்ல. தொற்று குறைவாக இருந்த அந்த நேரத்தை வைத்துச் சொன்னது. தீர்ப்பின் நகலை மட்டும் நீட்டினால் வாசல் திறந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போட்ட பிள்ளைகளும்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எப்படி என்றால், வயதும் இடைவெளியும். 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி தொடங்கியதே 2022 ஜனவரி 3 அன்றுதான். அதற்கு முன் 17 வயதில் முதலாண்டு சேர்ந்த பிள்ளையிடம் சான்றிதழ் கேட்டால் எங்கே போவது? கோவிஷீல்டு முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் 84 நாள் இடைவெளி இருந்தது. ஜூலை கடைசியில் முதல் ஊசி போட்டவர் செப்டம்பரில் ‘ரெண்டு டோஸ்’ காட்ட முடியாது. இப்படி நடக்க முடியாததைக் கேட்டால், பிறந்த தேதியையும் முதல் ஊசி போட்ட தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

அடுத்து சான்றிதழ். எஸ்டேட் முகாம்களில் மேஸ்திரி போன் நம்பரைக் கொடுத்துப் பதிந்தவர்கள் உண்டு. ஓடிபி அவருக்குப் போகும், சான்றிதழும் அவர் போனில்தான் கிடக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால். முதல் ஊசி அப்பா நம்பரில், இரண்டாவது சொந்த நம்பரில் என்றால், தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளம் இரண்டு பேருக்கு இரண்டு ‘முதல் டோஸ்’ என்று கணக்கு வைத்துக்கொள்ளும். பெயர், பிறந்த ஆண்டு போன்றவற்றைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான் தந்தார்கள். பிரௌசிங் சென்டரில் அவசரத்தில் தட்டச்சு செய்து அந்த ஒன்றையும் வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஊசி போடும் இடத்திலேயே உங்கள் வீட்டு நம்பரைச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது, வேறு அடையாள அட்டைகளும் ஏற்கப்பட்டன.

இப்போது தலைப்பில் உள்ள விஷயம். தொற்று வந்து தேறிய பிள்ளையிடம் ‘நெகட்டிவ் கொண்டு வந்தால்தான் ரூம்’ என்றார்கள். மூக்கு, தொண்டைச் சளி எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் ஒருமுறை பாசிட்டிவ் வந்தவருக்கு அதைத் திரும்பச் செய்யக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2021 மே மாதமே சொல்லிவிட்டது. காரணம் எளிது. செத்த வைரஸின் துணுக்குகூட அந்தப் பரிசோதனையில் வாரக்கணக்கில் தெரியும், ஆனால் அது யாருக்கும் பரவாது. 2022 ஜனவரி 5 அன்று வந்த வீட்டுத் தனிமை வழிகாட்டுதலும் தெளிவு: லேசான தொற்றுக்குப் பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து 7 நாள், அதில் கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லை என்றால் தனிமை முடிந்தது, மறுபரிசோதனை தேவையில்லை. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும் விடுதி அலுவலகம் நெகட்டிவ் கேட்டது, பிள்ளை மறுபடி பரிசோதனைக்கு ஓடியது, மறுபடி பாசிட்டிவ். வகுப்பு போனது. எதற்கு இந்த அலைக்கழிப்பு?

அப்படிக் கேட்டால், ‘எந்தச் சுற்றறிக்கைப்படி சார்? எண்ணும் தேதியும் கொடுங்கள்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் அடித்தது வருகைப்பதிவு. வீட்டிலேயே தனிமையில் இருந்தவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு கிடையாது, கையில் இருப்பது பரிசோதனை முடிவு வந்த ஒரு எஸ்எம்எஸ்தான். வீட்டில் கிட் வாங்கிச் சோதித்தவருக்கு அதுவும் இல்லை, கோடு விழுந்த படத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. அதனால் காய்ச்சல் வந்த முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, தேதி போட்ட ஓபி சீட்டு வாங்கி வையுங்கள். தேறிய பிறகு மருத்துவரின் பதிவு எண்ணோடு உடல்தகுதிச் சான்று. மலையில் சிக்னல் கிடைத்த நேரத்தில் துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல், அதில் தேதி தானாகப் பதிந்துவிடும். வகுப்பு வாட்ஸ்அப்பில் ‘ஃபீவர் மேம்’ என்று போட்டதை செமஸ்டர் கடைசியில் யாரும் தேடி எடுத்துத் தர மாட்டார்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது என்றால் ஹால் டிக்கெட் வரும்வரை காத்திராமல் விலக்குக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

கல்லூரி ‘அது யுனிவர்சிட்டி ரூல்’ என்னும், பல்கலைக்கழகம் ‘காலேஜில் கேளுங்கள்’ என்னும். ஏற்காட்டிலிருந்து இறங்கி, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் வரை பஸ் மாறிப் போய் இதைக் கேட்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். முதல் மனு அங்கேதான். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இந்த 15 நாளைத் தவறவிடாதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சுற்றறிக்கையைக் காட்டவே மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில். சுயநிதிக் கல்லூரி ‘இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது’ என்றால், அதே கேள்வியை அக்கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.