மோதும் நொடியில் எரிந்த விளக்கு

சிறிய விமானங்களில் கருப்புப் பெட்டி இருப்பதில்லையாமே, விமானியும் இறந்துவிட்டால் விபத்தின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு, நான்கு இருக்கைகள் கொண்ட விமானங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லைதான். சிதைவுகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஓடுதளத்தை நெருங்கும்போது விழுந்த விமானம் என்றால், அந்நேரம் வேகமும் உயரமும் குறைவு என்பதால், இயந்திரம் ஓடியதா என்பதே முதல் கேள்வி. சுழல்விசிறி முழு விசையுடன் சுழன்றிருந்தால் அதன் அலகுகள் முறுக்கிக்கொள்ளும். மண்ணிலும் வெட்டுத் தடங்கள் விழும். நிமிடத்துக்கு 2400 முறை சுழலும் ஈரலகு விசிறி நொடிக்கு 80 முறை வெட்டும். தடங்களுக்கு இடையே அரை மீட்டர் இருந்தால், விமானத்தின் வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர்.

என்னை வியக்க வைப்பதோ, கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள கடுகளவு எச்சரிக்கை விளக்கு. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை, குளிர்ந்த நிலையில் எளிதில் முறியக்கூடியது. பலத்த மோதலில் அது சுருளின் இடைவெளி மாறாமல் பட்டென ஒடியும், முனைகள் கூர்மையாக இருக்கும். எரியும்போது அதே இழை 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறி இளகியிருப்பதால், விமானம் சட்டென நின்ற பிறகும் தன் நிலைமத்தால் முன்னோக்கிப் பாய்ந்து, இழுத்துவிட்ட சுருள்வில்லைப் போல நீண்டு கோணலாகிவிடுகிறது. கண்ணாடியும் அப்போதே உடைந்திருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் சூடான டங்ஸ்டனுடன் சேர்ந்து மஞ்சளும் வெள்ளையுமான ஆக்சைடாகப் படியும். ஆகவே இயந்திரத்தின் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கின் இழை நீண்டிருந்தால், மோதும் நொடியில் அது எரிந்துகொண்டிருந்தது என்று நுண்ணோக்கியின் அடியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இழை நீளாததை வைத்து விளக்கு அணைந்திருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. அதிர்ச்சி போதாமலும் இருந்திருக்கலாம்.

விமானி நல்லவர், நேரம்தான் சரியில்லை என்று சொல்வோரிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: அந்தப் பேச்சோடு தேடல் நின்றுவிடுகிறது. யார்மேல் பழி என்பதும் இந்த விசாரணையின் வேலையன்று. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, மறு விபத்தைத் தடுப்பதையே ஒரே நோக்கமாக வைத்திருக்கிறது.

இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகளில் நீள்வதற்கு இழையே கிடையாது. அந்தச் சாட்சி போன இடத்தில், நொறுங்கிய ஜி.பி.எஸ். கருவியிலிருந்து நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்துப் படிக்கிறார்கள்.