மரபணுவை ஆர்டர் செய்யும் முன் சிக்னல் பெப்டைடைப் பாருங்கள்

புரதத் தயாரிப்பில் ஆலோசனை கேட்டு வரும் ஆய்வு மாணவர்களின் வடிவமைப்புகளில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சுரக்கப்படும் மனிதப் புரதம் ஒன்றின் முழு வரிசையையும் தரவுத்தளத்திலிருந்து அப்படியே எடுத்து, ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஏற்ப கோடான்களை (அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீடுகளை) மட்டும் மாற்றி, மரபணுவை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். தொடக்கத்திலுள்ள இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் சிக்னல் பெப்டைடு. மனித செல்லில் அது புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் செலுத்தியதும் வெட்டப்பட்டுவிடும். பாக்டீரியாவிலும் அப்படியே நடக்கும் என்று நம்ப முடியாது. நீரை வெறுக்கும் அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டே இருந்தால் புரதம் கரையாமல் திரண்டுவிடக்கூடும். சிக்னல்பி போன்ற இலவச மென்பொருளில் வரிசையை இட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதற்குக்கூடப் பொறுமை இல்லையென்றால் என்ன சொல்வது!

புரதத்தைச் சவ்வுக்கு அப்பால் அனுப்ப நீங்களே பாக்டீரியாவின் சிக்னலைச் சேர்க்கும்போது, புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் டேக்கை அதற்கு முன்னால் வைப்பதும் வீண். சிக்னல் வெட்டப்படும்போது டேக்கும் கூடவே போய்விடும். டேக்கைப் பிடித்துவைக்கும் நிக்கல் காலத்தில் (column) ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. புரதத்தின் வால்முனையில் வைப்பதே பாதுகாப்பு.

டைசல்ஃபைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) தேவைப்படும் ஆன்டிபாடித் துண்டுகளைப் பெரிபிளாசத்துக்கு, அதாவது ஈ. கோலையின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு, அனுப்புவது சரியான முடிவுதான். ஆனால் எதற்கெடுத்தாலும் பெல்பி என்ற ஒரே சிக்னல் என்பது வெறும் பழக்கம். பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் 173 சிக்னல்களைக் க்யூட்டினேஸ் நொதியோடு இணைத்துச் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், அந்த நொதிக்கு நன்றாக உழைத்த சிக்னல் இன்னொரு நொதிக்கு அப்படி உழைக்கவில்லை. ஆகவே நான்கைந்து சிக்னல்களையாவது சேர்த்துச் சோதியுங்கள்.

புரதம் சவ்வைக் கடக்கும் பாதையும் முக்கியம். செக் பாதை மடியாத புரதத்தைத்தான் கடத்தும். பச்சையாக ஒளிரும் புரதமான சாதாரண ஜிஎஃப்பியை அதன் வழியே அனுப்பினால் பெரிபிளாசத்தில் ஒளிராது. மடிந்த புரதத்தையே கடத்தும் டாட் பாதையில் அனுப்பினால் ஒளிரும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருங்கிய இரண்டு பட்டைகள் தெரிகிறதா? உடனே புரதம் சிதைகிறது என்று முடிவுகட்டாதீர்கள். பெல்பியில் 22 அமினோ அமிலங்கள், எடை ஏறக்குறைய 2 கிலோடால்டன். இடைவெளி அந்த அளவே என்றால், மேல்பட்டை சிக்னல் வெட்டப்படாத புரதமாக இருக்கலாம். சவ்வைக் கடக்க முடியாமல் தேங்கியிருக்கக்கூடும். அப்போது புரத உற்பத்தியைத் தொடக்கிவைக்கும் ஐபிடிஜி என்ற தூண்டியை இன்னும் கூட்டினால் நெரிசல்தான் மிகும். ஐபிடிஜியைக் குறைத்து, வெப்பநிலையை 25 டிகிரிக்கு இறக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.