கூறாக்கம்: செல்லை உடைத்து வகைபிரிக்கும் முறைக்கு ஒரு சொல்

மாணவப் பருவத்தில் ஒரு பாடக்குறிப்பில் 'செல் பிரித்தல்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். ஒரு செல் இரண்டாகும் கதைதான் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினேன். உள்ளே கல்லீரலை அரைக்கிறார்கள், குழாயில் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். 'செல் ஃப்ராக்‌ஷனேஷன்' என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். பிரிதல், பகுப்பு என்ற சொற்களை, ஒரு செல் இரண்டாகும் மைட்டாசிஸுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். இந்த முறைக்கு வேறு சொல்தான் வேண்டும்.

முதலில் முறையைப் பார்த்துவிடுவோம். எலியின் கல்லீரலைத் துண்டாக்கி, பனிக்கட்டியில் குளிரவைத்த சர்க்கரைக் கரைசலில் போட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு உலக்கையால் மசிக்கிறார்கள். செல்லின் வெளிச்சவ்வு கிழிய வேண்டும், உள்ளே இருப்பவை உடையக் கூடாது. வெறும் தண்ணீரில் மசித்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். அதனால்தான் சர்க்கரை. குளிர் எதற்கென்றால், கிழிந்த செல்லிலிருந்து வெளியேறும் நொதிகள் மற்றவற்றைச் செரித்துவிடாமல் இருக்க. அப்புறம் சுழற்சி. புவியீர்ப்பைப் போல் சுமார் 1,000 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றினால் உட்கருக்கள் அடியில் படியும். மேலே நிற்பதை எடுத்து 10,000 மடங்கு விசையில் 20 நிமிடம் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா படியும். 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினால் இன்னும் நுண்ணிய சவ்வுத் துண்டுகள் படியும். ஒவ்வொரு முறையும் அடியில் சேர்வதுதான் ஒரு 'ஃப்ராக்‌ஷன்'.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ள 'ஃப்ராங்கெரே'. 'உடை' என்று பொருள். துண்டைக் குறிக்கும் 'ஃப்ராக்மென்ட்', எளிதில் உடைவதைக் குறிக்கும் 'ஃப்ரஜைல்' இரண்டும் இதன் உறவுகளே. கணக்கில் முழு எண்ணை உடைத்தது ஃப்ராக்‌ஷன். அதை நாம் பின்னம் என்கிறோம். பின்னம் வடமொழியின் 'பின்ன' என்பதிலிருந்து வந்தது, அதற்கும் உடைந்தது என்றே பொருள். கை உடைந்த சிலையைப் 'பின்னமான சிலை' என்று சொல்வது இதனால்தான். எங்கோ தொலைவில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே படிமத்தைப் பிடித்திருக்கின்றன. நம் பள்ளி வேதியியலிலும் 'பின்னக் காய்ச்சி வடித்தல்' இருக்கிறது. சரி, 'செல் பின்னமாக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பின்னம் என்றதும் காதில் அரையும் முக்காலும்தான் விழுகின்றன. உடைவதைச் சொல்கிறதே தவிர, உடைந்ததை வகைவகையாக எடுத்து வைப்பதை அது சொல்வதில்லை.

என் தேர்வு 'கூறு'. சந்தையில் தரையில் சாக்கு விரித்து, கத்திரிக்காயையும் சிறுமீனையும் குவியல் குவியலாக வைத்து விற்பார்களே, அந்தக் கூறு. சோழர் காலத்தில் நாட்டைப் பிரித்தபோதும் இந்த வேர்தான் உதவியது. 'தஞ்சாவூர்க் கூற்றம்' என்பதைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணலாம். மீன்காரம்மா வைக்கும் கூறு எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்றால், அதில் எல்லாமே ஒரே மீனாக இருக்காது. பெரும்பாலும் ஒரு வகை, நடுவே வேறு சில. சுழற்றி எடுக்கும் ஃப்ராக்‌ஷனும் அப்படித்தான். 'மைட்டோகாண்ட்ரியக் கூறு' என்றால் மைட்டோகாண்ட்ரியா மட்டுமே என்று பொருளல்ல. அந்த விசையில் எது எது படிகிறதோ அத்தனையும் அதில் சேரும்.

கூறு வேறு, நுண்ணுறுப்பு வேறு என்ற இந்த வேறுபாடு அறிவியலையே திருப்பியிருக்கிறது. 1930களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கிளாட், கோழிப் புற்றுக்கட்டியிலிருந்து, அக்கட்டியை உண்டாக்கும் ரவுஸ் வைரஸைப் பிரித்தெடுக்கச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கோழிக் கருவையும் சுழற்றினார். அதிலும் அதே போன்ற நுண்துகள்கள் படிந்தன! வைரஸைத் தேடியவர் செல்லுக்குள் நுழைந்துவிட்டார். அந்தத் துகள்களுக்கு அவர் வைத்த பெயர் மைக்ரோசோம். கிரேக்கத்தில் 'சிற்றுடல்'. ஆனால் உயிருள்ள செல்லில் அப்படி ஒரு உறுப்பே கிடையாது. செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலை, மசிக்கும்போது கிழிந்து, சிறு குமிழிகளாக மூடிக்கொண்டதுதான் மைக்ரோசோம் என்பதை 1956இல் ஜார்ஜ் பலாடியும் பிலிப் சீகெவிட்சும் காட்டினார்கள். ஆக அது ஒரு கூறு, நுண்ணுறுப்பு அல்ல.

பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவே மறுபக்கத்திலிருந்து வந்தார். மைட்டோகாண்ட்ரியக் கூறு எனப்பட்டதை அவர் கனமானது, இலேசானது என்று மேலும் கூறாக்கினார். சில செரிமான நொதிகள் இலேசான கூறில் சேர்ந்தே வந்தன. அவற்றை உள்ளே அடைத்து வைத்திருக்கும் தனிப் பை ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1955இல் அதற்கு லைசோசோம் என்று பெயரிட்டார். கிளாட், பலாடி, டி டூவே மூவருக்கும் 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கில் வெக்டர் கூறு இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். இடம் வேறு என்பதால் குழம்பாது. வினையாகச் சொல்ல 'கூறாக்கு', முறைக்குச் 'செல் கூறாக்கம்'.

துணைச் சொற்களுக்கும் வெளியே அலைய வேண்டியதில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் 'ஸ்பின் பண்ணி பெல்லட் எடு' என்கிறோம். காபியின் அடியில் தங்குவதை வீட்டில் மண்டி என்கிறோமே, பெல்லட்டும் அதுதான். மண்டிக்கு மேலே நிற்கும் சூப்பர்நேட்டன்ட் என்றால் லத்தீனில் மேலே நீந்துவது. தமிழில் தெளிவு. சுண்ணாம்பைக் கரைத்து வைத்து மேலே எடுக்கும் நீர் சுண்ணாம்புத் தெளிவுதானே. அதைச் சாய்த்து ஊற்றுவது இறுத்தல். 'தெளிய வைத்து இறுத்தல்' பள்ளிப் பாடத்திலேயே உண்டு. மசித்தெடுத்த கலவையான ஹோமோஜினேட்டுக்கு 'ஒருபடித்தான கலவை' என்பதைவிடக் கீரையிலிருந்து வரும் 'மசியல்' எனக்கு நெருக்கமாகப் படுகிறது. சென்ட்ரிஃபியூஜ், மையத்தை விட்டு ஓடுவது என்ற பொருளில் பிறந்த சொல். 'மையவிலக்கு' அதற்கு ஏற்கெனவே நன்றாகப் பொருந்தி நிற்கிறது.

இவற்றை வைத்து ஆய்வேட்டில் இப்படி எழுதலாம்: கல்லீரல் மசியலை மையவிலக்கில் சுழற்றி உட்கருக்களை நீக்கினோம். தெளிவை 10,000 மடங்கு விசையில் மீண்டும் சுழற்றி, மேலே நின்றதை இறுத்துவிட்டு, மண்டியை மைட்டோகாண்ட்ரியக் கூறாக எடுத்துக்கொண்டோம்.