பாயிண்டுக்கு அடியில் நடக்கும் கணக்கு

“பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், கேப், பிளக் ஒயர் என்று எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கும் சீராக நிற்கிறது. ஆனால் மேட்டில் இழுவையே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார் பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது தீப்பொறிக்கான மின்சாரத்தை உரிய நேரத்தில் ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து அனுப்பும் பகுதி. அதை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அவர் மாற்றியவை எல்லாம் மேலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பவை. இழுவையைத் தீர்மானிக்கிற உறுப்புகளோ பாயிண்ட் தகட்டுக்குக் கீழே, ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் கிடக்கின்றன.

தீப்பொறி பிறப்பது பள்ளிப் பாடம்தான். பாயிண்ட் என்கிற சிறு சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுருளில் 3, 4 ஆம்பியர் ஓடிக் காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் மேல் சுழலும், முனைகள் கொண்ட கேமின் ஒரு முனை பாயிண்டைத் திறந்ததும் மின்னோட்டம் அறுந்து, புலம் சரிகிறது. முதன்மைச் சுருளில் 200, 300 வோல்ட் எழ, ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. எந்தச் சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்கு ரோட்டார் அதை அனுப்பிவிடும். பாயிண்ட் பிரியும் கணத்தில் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது இல்லையென்றால் பாயிண்ட் கருகும், புலமும் மெதுவாகவே சரியும், தீப்பொறி நோஞ்சானாகிவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதன் அடிப்படை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை.

தீப்பொறி வருவது பாதி வேலை. எப்போது வருகிறது என்பதுதான் இழுவை.

கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். தோராயமாக 2 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி இறங்கும்போது கிடைத்தால்தான் முழு பலன். ஆகவே பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பற்றவைத்தாக வேண்டும். 1000 ஆர்.பி.எம். வேகத்தில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லிசெகண்டுக்கு 6 டிகிரி சுழல்கிறது. அந்த 2 மில்லிசெகண்டுக்குள் 12 டிகிரி. 3000-இல் அதே நேரத்துக்குள் 36 டிகிரி போய்விடும். வேகம் கூடக் கூட தீப்பொறி முன்கூட்டி வர வேண்டும். இந்த முந்துதலுக்குத்தான் அட்வான்ஸ் என்று பெயர். ஃபோர்டு மாடல் டி ஓட்டியவர்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் இருந்த நெம்புகோலால் இதைக் கையாலேயே செய்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இதே வேலையை இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் செய்கின்றன.

கேம், ஷாஃப்ட்டோடு ஒட்டிய துண்டு அல்ல. அதன் மேல் செருகி, சில டிகிரி முன்னே திரும்பும்படி விடப்பட்டது. ஷாஃப்ட்டோடு சுழலும் தட்டில் இரண்டு எஃகு எடைகள். வேகம் ஏறினால் அவை வெளிப்பக்கம் விரிந்து, கேமைச் சுழலும் திசையிலேயே கொஞ்சம் முன்னே தள்ளும். பாயிண்ட் அந்த அளவுக்கு முந்தித் திறக்கும். ஸ்பிரிங்குகள் எடைகளை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஸ்பிரிங்குகள்தான். எடை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் இருமடியாகப் பெருகும். எடை விரிய விரிய ஆரமும் கூடுவதால் இன்னும் பெருகும். ஸ்பிரிங்கோ நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் எதிர்க்கும். ஒற்றை ஸ்பிரிங்கை நம்பினால் ஒரு குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் எடைகள் சட்டென்று கடைசிவரை ஓடிவிடும். எஞ்சினுக்கு வேண்டியது அப்படி அல்ல. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கொந்தளிப்பு கூடிச் சுடரும் விரைந்து பரவுவதால், தொடக்கத்தில் வேகமாக ஏறிப் பிறகு மெதுவாக ஏறுகிற அட்வான்ஸ்தான் சரி. எனவே பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒரு ஸ்பிரிங் மெல்லியது. எடை அசைந்த உடனே இழுக்கத் தொடங்கும். மற்றது தடித்தது, அதன் கொக்கி வளையம் வேண்டுமென்றே நீளமாக விடப்பட்டிருக்கும். முதல் சில டிகிரிக்கு அது சும்மா தொங்கும், பிறகுதான் இறுகும். வரைபடத்தில் செங்குத்தாக ஏறும் கோடு, அந்த வளையத்தின் தளர்வு தீரும் இடத்தில் மடங்கிச் சாய்வு குறைகிறது. கடைசியில் ஒரு நிறுத்தி. ஒரு எஞ்சினின் எரிதல் குணத்தையே இரண்டு கம்பிச் சுருளிலும் ஒரு வளையத்தின் நீளத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள்!

அதனால்தான் “தடித்த ஸ்பிரிங் லொடலொடவென்று இருக்கிறது” என்று வளையத்தை நெருக்கிவிடுவது பெரும் பாவம். ஸ்பிரிங்கை இழுத்துப் பார்ப்பதும், ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் ஸ்பிரிங்கைப் போடுவதும் அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பொறித்த எண்ணை வைத்துத்தான் உரிய ஸ்பிரிங்கைத் தேட வேண்டும். கையேட்டில் அட்வான்ஸ் அளவு டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில் இருந்தால், டிகிரி, ஆர்.பி.எம். இரண்டையும் இரட்டித்தால்தான் கிராங்க் கணக்கு வரும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில் சுழல்வது பலருக்கு மறந்துபோகிறது.

கேள்வி கேட்டவர் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவியே தேவையில்லை. கேப்பைக் கழற்றி, ரோட்டாரைச் சுழலும் திசையில் விரலால் திருப்பிவிட்டு விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். அசையாவிட்டாலோ, சோம்பலாகத் திரும்பினாலோ, பழைய கிரீஸ் இறுகி எடைகள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. ஐட்லிங்கில் எல்லாம் சரியாக இருந்து வேகத்தில் இழுவை போவது இதனால்தான். எதிர்ப்பே இல்லாமல் கொழகொழவென்று திரும்பினால் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. முழு அட்வான்ஸும் குறைந்த வேகத்திலேயே வந்து எஞ்சின் தட்டும்.

அடுத்தது, எஞ்சினின் உறிஞ்சலால் பாயிண்ட் தகட்டை நகர்த்தும் வேக்யூம் டப்பா. பாதித் திறப்பில் ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, எரிவதும் மெதுவு. அதற்கான கூடுதல் அட்வான்ஸை இது தருகிறது. குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால் பாயிண்ட் தகடு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நழுவினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இழுவையைவிடப் பெட்ரோல் செலவில்தான் இது அதிகம் தெரியும்.

கழற்றுவதற்கு முன், எஞ்சினைச் சுழலும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டர் அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்படி நிறுத்தி, ரோட்டார் எங்கே பார்க்கிறது என்று உடலில் குறி போடுங்கள். பிரித்த பிறகு, ரோட்டார் காடி, கேம், கீழ்முனை டிரைவ் நாக்கு மூன்றும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருந்தன என்றும் குறிக்க வேண்டும். நாக்கு மையத்திலிருந்து விலகியிருக்கும். கேமோ நாக்கோ 180 டிகிரி மாறினால் தீப்பொறி எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் வரும், வண்டி கிளம்பாது. நாக்கைப் பிடித்திருக்கும் குறுக்கு பின்னைத் தட்டி எடுத்தால் ஷாஃப்ட் மேலே வரும். எடைகளின் துளைகள் முட்டைவடிவமாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஷாஃப்ட்டின் பக்க ஆட்டமும் முக்கியம். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. என்றால், ஷாஃப்ட் 0.1 மி.மீ. ஆடினாலே இடைவெளியில் கால்வாசி போய்விடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி ஒவ்வொரு நேரத்தில் வரும். எத்தனை புதுப் பாயிண்ட் போட்டும் டைமிங் நிற்கவில்லை என்பவர்கள் இங்கேதான் தேட வேண்டும். ஷாஃப்ட்டைத் தாங்கும் குழலான புஷ், எண்ணெய் உறிஞ்சும் நுண்துளை வெண்கலம். புதியதை எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவைத்து, துளைக்குச் சரியான மெருகேறிய தண்டைச் செருகி நேராக அழுத்துங்கள். ரீமர் போட்டுத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. வெட்டிய உலோகம் நுண்துளைகளை அடைத்து, எண்ணெய் கசிய வழியில்லாமல் போய்விடும். ஷாஃப்ட்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் மட்டும் பயன் தராது.

பாயிண்ட் தகட்டையும் உடலையும் இணைக்கும் பின்னிய எர்த் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால், வேக்யூம் தகடு அசையும்போதெல்லாம் எஞ்சின் விக்கும். இதைச் சந்தேகப்படுகிறவர்களே குறைவு. கேமுக்குச் சிறிது கிரீஸ், ரோட்டாருக்குக் கீழே ஷாஃப்ட் தலையில் இரண்டு சொட்டு எண்ணெய், எடைகளுக்கு ஒரு சொட்டு. பாயிண்ட் முகத்தில் மட்டும் எதுவும் படக் கூடாது.

இடைவெளியை முதலில் வைத்து, டைமிங்கை அப்புறம்தான் வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும்: கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கச் சுருங்கத் தீப்பொறி பிந்தும். எஞ்சினைக் கையேடு சொல்லும் குறியில் நிறுத்தி, பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பை மாட்டி, சாவியைப் போடுங்கள். உடலை ரோட்டார் சுழலும் திசையில் திருப்பி பல்பை அணைத்து, எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி அது எரியும் கணத்தில் கிளாம்பை இறுக்குங்கள்.

பாயிண்டுக்குப் பதில் மின்னணு மாட்யூல் போட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தேயும் குதிகாலை அது ஒழிக்கும், உண்மைதான். சிக்கிய எடைகளை அது தொடக்கூட இல்லை. மலிவான புது டிஸ்ட்ரிபியூட்டர்களிலும் இதே குறை: பல எஞ்சின்களுக்குப் பொதுவாக ஒரே அட்வான்ஸ் கோடு. பழைய உடலும் ஷாஃப்ட்டும் நன்றாக இருக்கும்வரை அதைப் புதுப்பிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வேகத்தைக் கூட்டிக் குறைத்து அட்வான்ஸை அளக்கும் சோதனை மேசைகள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பொறியியல் கல்லூரிகள் அவற்றை வாங்கிவைத்து மாணவர்கள் கையில் கொடுக்கலாம். மையவிலக்கு விசையைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி ஏது?

எல்லாம் மாட்டிய பின், தீப்பொறியோடு சேர்ந்து மின்னி எஞ்சினின் குறியைக் காட்டும் டைமிங் லைட். வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் தொடங்கி 500 ஆர்.பி.எம். இடைவெளியில் 3000 வரை ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் டிகிரியைக் குறித்துக் கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். குறி நடுங்காமல் ஏற வேண்டும், வேகம் குறைந்ததும் அதே வழியில் இறங்க வேண்டும். ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் என்றால் எடைகள் இன்னும் உரசுகின்றன. திரும்பவும் பிரித்துத் துடைக்க வேண்டியதுதான்.