யானை மிதந்தால் மாடலைத் திட்டாதீர்கள்

எடுத்த வீடியோவில் இல்லாததைக் கணினியில் சேர்த்துத் தரச் சொல்லி இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. வேலூர் கோட்டை அகழி ஓரம் மணமக்கள் நடந்து வருகிறார்கள். பின்னால் ஒரு பட்டத்து யானை வர வேண்டும். வேறு யாரோ கணினியில் செய்த யானை உருவத்தை, அதாவது மாடலை, வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது நடக்கவில்லை, மிதக்கிறது. "மாடல் சரியில்லண்ணா, காசு போட்டு வேற வாங்கிடலாமா?" என்கிறார் வீடியோ எடுத்த தம்பி.

வேண்டாம் தம்பி. யானை நல்ல யானைதான், தோல் சுருக்கம்கூடத் தெரிகிறது. எத்தனை லட்சம் பாலிகன் (உருவத்தைக் கட்டும் குட்டிப் பட்டைகள்) ஏற்றினாலும், 4கே-யில் ரெண்டர் போட்டாலும் (கணினியைப் படமாக வரைய வைத்தாலும்) அது மிதக்கத்தான் செய்யும். படம் எடுத்தது ஏப்ரல் கடைசி, உச்சி வேளை. அந்த நாட்களில் வேலூரில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். மணமக்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்க, யானைக்கு மட்டும் சாயங்கால நிழல்! தரையில் பட்டு எகிறிய வெயில் மணமகளின் தாடைக்கு அடியில் செம்மண் நிறமாகத் தெரிகிறது. யானையின் வயிற்றடியில் அது இல்லை. பாதம் மண்ணைத் தொடும் இடத்தில் ஒட்டி விழ வேண்டிய கருநிழலும் இல்லை. தூரத்துச் சுவரின் இருட்டு வெயிலில் வெளுத்திருக்க, யானையின் இருட்டு மட்டும் கன்னங்கரேல். பார்ப்பவருக்குக் காரணம் சொல்ல வராது. ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். இதில் மாடல் எங்கே வந்தது?

அந்த இடத்து வெளிச்சத்தைப் பிடித்து வந்தால்தான் யானைக்கு அதைப் பூச முடியும். பளபளப்பான உருண்டையைப் பல எக்ஸ்போஷரில் (இருட்டாக, வெளிச்சமாக என்று பல அளவில்) படமெடுத்து, அந்த ஒளியையே கணினிப் பொருளுக்குக் கொடுக்கலாம் என்று கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் 1998-லேயே காட்டிவிட்டார். நாம் இன்னும் "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்கிறோம்.

அடுத்த முறை யானை நிற்கப்போகும் இடத்தில் ஒரு ஸ்டீல் உருண்டையை வைத்து, மிக இருட்டிலிருந்து மிக வெளிச்சம் வரை வரிசையாகப் படமெடுங்கள். பளபளப்பில்லாத சாம்பல் உருண்டையும் இருந்தால் நல்லது. போனில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் வெட்டி வளைத்து வைத்தால் கேமரா அசைவைக் கணினி பின்தொடரும் டிராக்கிங் தள்ளாடும். நடுவில் ஜூம் செய்யாதீர்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 நொடியில் பூட்டுங்கள். நம்ம ஊர் வெயிலில் போனை அதன் போக்கில் விட்டால் ஷட்டர் எங்கோ ஓடிவிடும், அசைவில் இருக்க வேண்டிய மங்கல் காணாமல் போகும். 1/50-ல் படம் வெளுத்தால் லென்ஸுக்கு முன் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டுங்கள்.

தயவுசெய்து வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது நசுக்கித் தரும் நிறத்தை வைத்து நான் என்ன பொருத்துவது? அசல் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள், டீ என் செலவு.

அப்புறம், கிளம்பும் முன் ஓர் ஆளை, யானையின் உயரம் தெரிய, 9 அடிக் கழியோடு யானை இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவர் நிழலும் விழும்படி ஐந்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.