பசையில்லாமல் ஒட்டும் பாறை

சித்திரை வெயிலில் சந்திக் கடைக்குப் போய், "ஐயா, இரண்டு தோடம்பழ இனிப்புத் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் போத்தலை உள்ளங்கையில் தட்டுவார். உள்ளே இனிப்புகள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகிக் கிடக்கும். ஒன்றைப் பிய்த்தெடுத்தால் பக்கத்து இனிப்பின் மூலையும் கூடவே வரும்.

யாரும் அதற்குள் பசை ஊற்றவில்லை. சீனிப்பாகு பளிங்காக உறையாமல் அப்படியே இறுகியதுதான் அந்த இனிப்பு. அதாவது, அது ஒருவகைக் கண்ணாடி. கண்ணாடிக்கு ஐஸ்கட்டி போல ஒரே சூட்டில் உருகும் பழக்கம் இல்லை. சூடு ஏற ஏற மெல்ல இளகும். ஈரம் பட்டால் இன்னும் முன்னதாகவே இளகும்.

எரிமலைச் சாம்பலின் பெரும்பகுதியும் கண்ணாடிதான். நீராவி நிறைந்த கற்குழம்பு மேலே வரும்போது சோடாப் போத்தல் போல நுரைத்து வெடிக்கிறது. உடைந்த குமிழிகளின் சுவர்கள்தான் சாம்பல். மூன்று குமிழிகள் சந்தித்த இடம் உடைந்தால், நுணுக்குக்காட்டியில் கவட்டைத் தடி போன்ற சில்லொன்று தெரியும்.

நம் யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் வருவது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதிலுள்ள சிப்பித் துண்டுகளை ஒட்டியது தண்ணீர்; கரைத்த சுண்ணாம்பை இடுக்குகளில் படியவைத்து, மெதுவாக ஒட்டியது. எரிமலைச் சில்லுகளுக்கு அந்தப் பசை தேவையில்லை. அவை தம்மைத் தாமே ஒட்டிக்கொள்ளும்.

சரி, எப்படி? வெடித்த சாம்பலும் வாயுவும் முகிலாகத் திரண்டு மலைச்சரிவில் பாய்ந்து, பல மீற்றர் தடிப்பாகப் படிகின்றன. சூடு 600 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் சில்லுகள் இன்னும் இளக்கமாகவே இருக்கும். இரண்டு சில்லுகள் தொடும் புள்ளியில் பரப்பிழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, வேலையைத் தொடங்குகிறது. மழைத்துளிகள் இரண்டு தொட்டதும் ஒன்றாவது போலத்தான். ஆனால் இங்கே பாகு மிகத் தடிப்பு, ஆகையால் மிக மெதுவாக. தொட்ட இடத்தில் ஒரு கழுத்து உருவாகித் தடிக்கிறது. மேலே கிடக்கும் சாம்பலின் பாரமும் அமுக்க, இடைவெளிகள் மூடுகின்றன. நுரைத்தபடியே உறைந்த துண்டுகளான நுரைக்கற்கள் அப்பளம் போலத் தட்டையாகிக் கறுத்த கோடுகளாகின்றன.

இது நேரத்தோடு ஓடும் ஓட்டப் பந்தயம். சில்லின் அளவு பாதியானால் ஒட்டும் நேரமும் பாதியாகும். சூடு 100 பாகை குறைந்தாலோ பாகு பத்து மடங்குக்கும் மேல் இறுகிவிடும். அதனால்தான் குளிர்ந்த தரையைத் தொட்ட அடித்தட்டும் காற்றுப் பட்ட மேற்தட்டும் உதிரியாகவே நின்றுவிட, நடுவிலும் அதற்குச் சற்றுக் கீழும் பாறை நன்றாகக் கெட்டிப்படுகிறது. ஏறக்குறைய 760,000 ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் படிந்த பிஷப் டஃப் என்ற பாறையில் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இத்தகைய பாறைக்கு 1930களில் நியூசிலாந்தின் புவியியலாளர் பற்றிக் மார்ஷல் 'இக்னிம்பிரைற்' என்று பெயர் வைத்தார். இலத்தீனில் நெருப்பும் மழையும் சேர்ந்த சொல் அது. எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

என்னை உண்மையில் வியக்க வைத்தது ஒப்சிடியன். கறுத்த, வழுவழுப்பான அந்தக் கண்ணாடிக் கல்லைப் பார்த்தால் அமைதியாக வழிந்து உறைந்தது என்றுதான் தோன்றும். ஆனால் நிலத்தடியில் அந்தக் குழம்பில் நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் நீர் இருக்கக்கூடும்; ஒப்சிடியனில் பெரும்பாலும் 1 பங்குகூட இல்லை. அவ்வளவு நீரும் வெடிக்காமல் எங்கே போனது? வெடித்தேதான் போனது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். குழம்பு எரிமலைக் குழாய்க்குள்ளேயே தூளாகி, நீரை விட்டுவிட்டு, அந்தத் தூளே மறுபடி ஒட்டிக் கண்ணாடியாகி வெளியே வருகிறது. 2011இல் சிலி நாட்டின் கோர்டோன் காவ்யே எரிமலையில் ஒரே வாயிலிருந்து சாம்பல் சீறியபடியே ஒப்சிடியன் குழம்பும் வழிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதே நாட்டில் 2008இல் வெடித்த சைத்தேன் எரிமலையின் கற்களை வெட்டிப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடிக்கு நடுவே சாம்பல் நிற நரம்புகள் ஓடுகின்றன. விரிசல்களில் புகுந்து, பாதி ஒட்டிய நிலையில் குளிர்ந்துபோன தூள் அது.